பால்கனியில் தீட்டிய சவரக்கத்திகள்

ஆன்லைனில் சவரக்கத்தி விற்கிறவர்கள் அத்தனை பேரும் பொய்யர்கள். பெட்டியைப் பிரித்ததும் அப்படியே சவரம் செய்யலாம் என்று கூசாமல் எழுதியிருப்பார்கள். பிளேடை இரண்டாக உடைத்துச் செருகுகிற சலூன் கத்தியை நான் சொல்லவில்லை. பிடிக்குள் மடங்குகிற, முழுக்க இரும்பாலான பழைய மாதிரிக் கத்தி. முந்நூற்றைம்பது ரூபாய்க்கு வந்த அதை முதல் தடவை கன்னத்தில் வைத்து இழுத்தேன். அது முடியை வெட்டவில்லை, கொத்தாகப் பிடித்து இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீதி முகத்தை வழக்கமான மூன்று பிளேடு ரேசரால் முடித்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

அந்தக் கத்திகளில் என்ன கோளாறு என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். அதனாலேயே யாரையும் கேட்க விடமாட்டாள் என் மனைவி. கத்தியின் முதுகு நேராக இருக்காது. பிடிக்குப் பக்கத்தில் தோள் மாதிரி தடித்த இடம் ஒன்று இருக்கும். தீட்டுக்கல்லில் கத்தியைப் படுக்க வைத்தால் அந்தத் தோள் முதலில் போய் உட்கார்ந்துகொள்ளும், வெட்டுகிற விளிம்பு அந்தரத்தில் நிற்கும். நாள் முழுக்கத் தேய்த்தாலும் தோள்தான் தேயும். ஆகவே முதலில் தோளைக் குறைக்க வேண்டும். அடிமூலை கூராக இருந்தால் காது மடலைக் கிழிக்கும், அதை உருட்ட வேண்டும். நுனியும் அப்படியே. பிடியின் ஆணி லொடலொடவென்று ஆடும். அதை அராவி எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பி போட்டுத் தட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கல். ஆயிரம் நம்பர், மூவாயிரம், எட்டாயிரம். கடைசியில் தோல்பட்டை. விளிம்பு ஓரமாக மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டு தேய்ப்பேன். எந்த இடத்தில் மை அழியாமல் இருக்கிறதோ அங்கே கல் படவில்லை என்று அர்த்தம்.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. பதினோரு கத்திகளைக் கெடுத்தேன். எண்ணி வைத்திருக்கிறேன், ஏனென்றால் அந்தப் பதினொன்று எனக்கு முக்கியம். ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். காலை முதல் மாலை வரை மற்றவர்கள் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். எங்கள் கிரைண்டிங் செக்‌ஷனில் ஒரு ஆள், என் வயதுதான். மதிய சாப்பாட்டு நேரத்தில் அவனுடைய சின்னச் சாணைக்கல்லில் தோளைக் குறைக்கப் போனேன். கத்தியைப் பார்த்ததும் சாப்பாட்டு டப்பாவை மூடினான்.

"இன்னா அண்ணாத்தே, யார போடப் போற?"

"யாரையும் இல்லப்பா. என் மூஞ்சிக்குத்தான்."

"மூஞ்சிக்கு இம்மாம் பாடா? முக்குக்கு முக்கு சலூன் கீது."

அவன் சொன்னதைக் கேட்காமல் ஒரே அழுத்தாக அழுத்தினேன். விளிம்பு நீலமாக மாறியது. நீலம் வந்துவிட்டால் அந்த இரும்பு செத்துவிட்டது, அதற்கப்புறம் கூர் நிற்காது. "போச்சா?" என்றான். "தொட்டுத் தொட்டு எடுக்கணும் நைனா. ஒரு தபா தொடு, தண்ணில முக்கு. இன்னா அவசரம் ஒனக்கு?" அது முதல் கத்தி. இரண்டாவதில் விளிம்பு வளைந்தது. மூன்றாவது கையிலிருந்து நழுவி பாத்ரூம் தரையில் விழுந்து பல் பல்லாகப் போனது. இப்படியே பதினொன்று. பன்னிரண்டாவது கத்தி, கையில் நீட்டிப் பிடித்த ஒற்றை முடியைச் சத்தமில்லாமல் இரண்டாக்கியது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்ல முடியவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் முடிதிருத்தும் குடும்பம். என் அப்பா திருமழிசையில் வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தவர். வாசல் வழியாக இல்லை, கொல்லைப்பக்கமாக. எனக்கு ஏழு வயதானபோது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தார். சேர்ந்த அன்றே சவரப் பெட்டியை யாரிடமோ கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு சாகிறவரை தன் முகத்தைக்கூடச் சலூனில் காசு கொடுத்துத்தான் மழித்துக்கொண்டார். காசு கொடுத்து நாற்காலியில் உட்கார்வதில் அவருக்கு ஒரு திருப்தி. எனக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. கத்தியைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்றார். ஒடித்தும் இருப்பார். நான் டிப்ளமோ படித்தேன். கத்தி பிடிக்கத் தெரியாமலே வளர்ந்தேன். நாற்பத்து நான்கு வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் கத்தி தீட்டுகிற வீடியோவைப் பார்த்தேன். என் வேலையும் விளிம்பை அளப்பதுதானே, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. அப்பா இருந்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

எட்டு வருடமாகப் பாரிவாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மூன்றாவது மாடி. திருமழிசையிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கண் அசருவதற்குள் வந்துவிடும் தூரம். ஆனால் இங்கே இருப்பவர்கள் யாருக்கும் திருமழிசைத் தெருக்கள் தெரியாது. மதுரை, சேலம், தஞ்சாவூர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். குடிவந்த முதல் வாரத்தில் லிஃப்டில் ஒருவர் கேட்டார், சொந்த ஊர் எது, அப்பா என்ன பண்ணினார் என்று. ஊரைச் சொன்னேன், அப்பா கம்பெனியில் வேலை பார்த்தார் என்றேன். பொய் இல்லை. பாதி உண்மை. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எட்டு வருடம் ஓட்டினேன். பேச்சைக்கூட மாற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்குள் 'ஊடு', 'கீது' எல்லாம் உண்டு. கதவைத் திறந்து வெளியே கால் வைத்தால் 'வீடு', 'இருக்குங்க'. மனைவியும் அப்படியே. அவள் சேக்காட்டுப் பெண், வாயைத் திறந்தால் ஆவடி மணக்கும். அவளே லிஃப்டில் செய்தி வாசிப்பவள் மாதிரி பேசுவதைக் கேட்டு எனக்குச் சில நாள் சிரிப்பும் சில நாள் அழுகையும் வந்திருக்கிறது.

எல்லாம் மகளுக்காக. ஒரே பெண். இப்போது இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். தாத்தா கம்பெனியில் வேலை பார்த்தார் என்பதுதான் அவளிடம் நாங்கள் சொன்னது. என் அப்பா என்னிடமிருந்து பெட்டியை மறைத்தார். நான் ஒரு படி மேலே போய், பெட்டி இருந்ததையே அவளிடமிருந்து மறைக்க நினைத்தேன். யாராவது ஒருவர் ஒரு பார்வை பார்த்து, அந்தப் பார்வையில் அவள் சுருங்கிப் போகிற நாள் வரவே கூடாது. நான் சுருங்கியிருக்கிறேன், அதனால் தெரியும்.

அப்படியிருக்க, பால்கனியில் உட்கார்ந்து கத்தி தீட்டலாமா? மனைவி கேட்டாள். "இன்னா தைரியம்யா ஒனக்கு? ஊரே பாக்கற எடத்துல ஒக்காந்துகினு அத்த தேச்சிகினு கீற."

"கம்பெனில கிரைண்டிங் தெரியும், அதனால பொழுதுபோக்குன்னு சொல்லிக்கலாம். இப்ப பெரிய பெரிய ஆளுங்கல்லாம் பண்றாங்க. ஹாபி."

"அவுங்க பண்ணா ஹாபி. நீ பண்ணா இன்னான்னு நான் சொல்லணுமா?"

நான் கேட்கவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் சிந்தினால் திட்டுவாள், பாத்ரூமில் வெளிச்சம் போதாது. பால்கனிதான் தோதான இடம். உண்மையைச் சொன்னால் இன்னொன்றும் உண்டு. யாராவது பார்த்து, இவ்வளவு நுணுக்கமாக என்ன செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. நானே கற்ற வித்தை. அதைக் காட்டிக்கொள்ளத் துடித்தேன்.

கேட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும், ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. இரண்டு பால்கனிக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். "சார், இது அந்த மடக்குக் கத்தியா? நானும் வீடியோல பாத்தேன் சார், வாங்கணும்னு ரொம்ப நாளா ஆசை" என்றார். நான் வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். தோள், முதுகு, மார்க்கர் கோடு, நம்பர் நம்பராகக் கல். அவர் வாயைப் பிளந்து கேட்டார். அடுத்த வாரம் அவரும் ஒரு மலிவுக் கத்தி வாங்கினார். அதன் தோளைக் கம்பெனியில் குறைத்து, ஆணி மாற்றி, தீட்டிக் கொடுத்தேன். முகம் மழித்துவிட்டு வந்து கன்னத்தைத் தடவிக்கொண்டே, "சார், நீங்க இன்ஜினீயர் இல்ல, சயின்டிஸ்ட்" என்றார்.

அதற்கப்புறம் ஐந்தாறு மாதம் என் வாழ்க்கையில் நல்ல மாதங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு பால்கனியில் உட்காருவோம். பீங்கான் கோப்பையில் காபி வரும். பூந்தமல்லிப் பாலத்து டிராஃபிக், அவருடைய மேனேஜர், என் மேனேஜர், எல்லாரையும் வறுத்தெடுப்போம். அவர் என்னை 'சார்' என்பார், நானும் அவரை 'சார்' என்பேன். இப்படி ஒருவர் வீட்டு பால்கனியில் கால் மேல் கால் போட்டு நான் உட்கார்ந்ததை அப்பா பார்க்கவில்லையே என்றுகூட நினைத்திருக்கிறேன்.

பிறகு அவருடைய அப்பா வந்தார். ஊரில் தனியாக இருந்தவர், முட்டி ஆபரேஷனுக்காக வந்து தங்கினார். எழுபத்தைந்து வயது இருக்கும். நல்ல உயரம், வெள்ளை மீசை, வாக்கர் பிடித்து நடப்பார். முதல் நாள் என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, உக்காருங்க. பையன் உங்களப் பத்திதான் பேசிக்கிட்டே இருக்கான்" என்று மரியாதையாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தத் தப்பைச் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தாடை வளைவில் எப்போதும் கத்தி தடுக்கும். "கோணம் பிடிபடல சார், ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுங்க" என்றார். அவர் கன்னத்தில் சோப்பு நுரை இருந்தது. கத்தியை வாங்கி, தோலை விரலால் இழுத்துப் பிடித்து, இரண்டு இழுப்பு இழுத்துக் காட்டினேன். கத்தியில் ஒட்டிய நுரையை என் இடது புறங்கையில் வழித்துக்கொண்டு மூன்றாவது இழுப்புக்குப் போனேன்.

வீடியோக்களில் யாரும் புறங்கையில் வழிக்க மாட்டார்கள். துண்டில் துடைப்பார்கள், இல்லை குழாயில் அலசுவார்கள். நானும் என் முகத்துக்குச் செய்யும்போது குழாயில்தான் அலசுவேன். அன்றுதான் முதல் தடவையாக இன்னொருவர் முகத்தில் கத்தி வைத்தேன். கை தானாகப் போய்விட்டது. ஏழு வயதுக்கு முன்னால் எப்போதோ பார்த்தது எங்கேயோ தங்கியிருந்திருக்கிறது.

பெரியவர் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஊரில் மாதம் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து சவரம் செய்த ஆளின் கையை அவர் அறுபது வருடம் பார்த்திருக்கிறார்.

"ஏம்ப்பா, நீ எந்த ஊரு?"

'தம்பி, வாங்க, உங்க' எல்லாம் போய்விட்டதைக் கவனித்தேன். "திருமழிசைங்க."

"அப்பா என்ன பண்ணாரு?"

"கம்பெனில வேலை."

"அதுக்கு முன்னாடி?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்றில்லை. எட்டு வருடம் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் வாய் எழும்பவில்லை. புறங்கையில் நுரையோடு நின்றேன். அதுவே பதிலாகிவிட்டது.

பெரியவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு கணக்குச் சரியாக வந்துவிட்ட சிரிப்பு. மகனைப் பார்த்து, "நீ எத்தன வீடியோ பாத்தாலும் ஒனக்கு வராதுடா. இவுங்களுக்கு அது ரத்தத்துல ஊறுனது. பொறப்புலயே வந்துரும்" என்றார்.

"அப்பா, சார் கம்பெனில குவாலிட்டில இருக்காரு" என்றார் மகன். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

அன்று எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. ரத்தமாம். என் ரத்தம் கல்லிலும் கைக்குட்டையிலும்தான் போனது. மூன்று வருடம், பதினோரு கத்தி, விரலில் இருக்கிற தழும்புகள், போனில் பார்த்த அத்தனை மணி நேரம், எல்லாவற்றையும் ஒரு வாக்கியத்தில் கழுவி ஊற்றிவிட்டார். என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொல்லித்தராமல் நானே கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். அதையும் பிறப்பின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அந்தப் பதினொன்று ஏன் முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரரே வந்து கூப்பிட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அப்பாவுக்குக் கை நடுங்குது, தானா பண்ணிக்க முடியல. நான் பண்ணா வெட்டிருவேன். ஒரே ஒரு தடவ ப்ளீஸ்." போனேன். பெரியவர் ஏற்கெனவே பால்கனியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் தாடையை மேலே தூக்கினார். தூக்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

அந்த ஒரு நிமிடம் நின்று யோசித்தேன். முடியாது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொன்னால் அவர் சொன்ன பிறப்புக் கணக்கை நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகும். கை நடுங்குகிற ஒரு கிழவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன் சவரம் செய்துவிடுவது சாதாரண விஷயம். வேறு யார் செய்தாலும் நல்ல மனுஷன் என்பார்கள். நான் செய்தால் மட்டும்தான் அது தொழில். செய்தாலும் மாட்டிக்கொண்டேன், செய்யாவிட்டாலும் மாட்டிக்கொண்டேன். சோப்பைக் கரைத்தேன்.

நன்றாகவே செய்தேன், அதுதான் என் சாபம். ஒரு கீறல் இல்லை. பெரியவர் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "எங்க ஊர் ஆளு மாதிரியே கை" என்றார். ஒரே ஒரு தடவை என்றது எல்லா ஞாயிற்றுக்கிழமையும் ஆனது. "வாப்பா." "போன வாரம் இந்தப் பக்கம் சரியா எடுக்கல பாரு." "காதுல முடி இருக்கு, அதையும் எடுத்துரு." அவர் என்னை வெறுக்கவில்லை. பிரியமாகத்தான் இருந்தார். ஊர்க்கதையெல்லாம் சொன்னார். அந்தப் பிரியத்தை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது?

பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் 'சார்' என்றுதான் கூப்பிட்டார். ஆனால் காபி பேப்பர் கப்பில் வர ஆரம்பித்தது. பாத்திரம் கழுவுகிற அம்மா வருவதில்லை, அதனால்தான் என்றார். உண்மையாகவே இருக்கலாம். இதில் இருக்கிற கொடுமையே அதுதான், எதையும் நிரூபிக்க முடியாது. கத்தி மழுங்கினால் முன்பெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவார். இப்போது ஒரு கவரில் போட்டு எங்கள் வீட்டுக் கதவுப் பிடியில் மாட்டிவிட்டு, 'சார், டைம் கெடச்சா பாருங்க' என்று மெசேஜ் போட்டார். நானும் தீட்டி, அதே கவரில் போட்டு, அவர் கதவில் மாட்டினேன்.

கிரைண்டிங்காரனிடம் மட்டும் சொன்னேன். அவனுக்கு என் வீட்டுக் கதை தெரியும், அவன் வீட்டுக் கதை எனக்குத் தெரியும். அவன் தாத்தா பிறர் நிலத்தில் கூலிக்கு உழுதவர்.

"அட போய்யா. மூஞ்சில அடிச்ச மாரி சொல்ல வேண்டியதுதான? வர மாட்டேன், இன்னா பண்ணுவ?"

"சொல்லிடலாம். அப்புறம் அதே லிஃப்ட்ல அவங்களோடதான போவணும். பொண்ணும் போவணும்."

"அதுவும் சர்தான்" என்று சொல்லிவிட்டு மெஷினைப் போட்டான்.

பொங்கல் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து எல்லா வீட்டுக்கும் எவர்சில்வர் டப்பாவில் சர்க்கரைப் பொங்கல் போனது. எங்கள் வீட்டுக்கு ஒரு துணிப்பை வந்தது. உள்ளே இரண்டு படி அரிசி, வெல்லம், ஒரு தேங்காய், துவைத்து மடித்த பழைய வேட்டி. "அப்பா குடுக்கச் சொன்னாரு சார். எங்க ஊர் வழக்கமாம்" என்று நீட்டினார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. எனக்கு அந்த வழக்கம் தெரியும். அப்பா இப்படிப்பட்ட பைகளைச் சுமந்து வந்திருக்கிறார். அந்த வேட்டிகளில்தான் எனக்குச் சட்டை தைத்தார்கள்.

மனைவி அந்தப் பையைத் தொடவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் தேவலை. "பொண்ணு பாக்கறதுக்குள்ள எடுத்துனு போ" என்றாள், அவ்வளவுதான். லீவு முடிந்து கம்பெனிக்குக் கொண்டுபோனேன். கிரைண்டிங்காரன் அரிசியை வாங்கிக்கொண்டான். வேட்டியை மெஷின் துடைக்கப் போட்டான்.

அதோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பால்கனிக் கதவைத் திறக்கவில்லை, திரையை இழுத்துவிட்டேன். சொந்த வீட்டில் ஒளிந்து உட்கார்ந்தேன். மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். மகள் ஹாலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். பத்து மணி வாக்கில் பெல் அடித்தது. நான் உள்ளறையில் இருந்தேன், எழுந்திருப்பதற்குள் அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏம்மா, உங்கப்பன் இருக்கானா?" பெரியவரின் குரல். வராந்தாவில் நிற்கிறார் என்பது வாக்கர் தரையில் தட்டிய சத்தத்திலேயே தெரிந்தது. "சவரத்துக்கு வரச் சொல்லு. பொழுது ஏறிப் போச்சு. நான் துண்டு போட்டுக்கிட்டு எம்மாந்நேரம் உக்காந்திருக்கறது?"

என் மகளிடம். அவள் முகத்துக்கு நேராக. நான் அறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இத்தனை வருடம் எந்த நாள் வரக் கூடாது என்று இருந்தேனோ அது வந்து வாசலில் நிற்கிறது, நான் ஒரு கதவுக்குப் பின்னால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். வெட்கக்கேடு.

அவள் அந்தச் சுத்தமான, லிஃப்டுக்குப் பேசுகிற தமிழில், "அப்பாவுக்கு உடம்பு சரியில்லைங்க தாத்தா. தூங்கறாரு" என்றாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள்.

நான் ஹாலுக்கு வந்தேன். அவர் கிழவர், மறதி, யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று சொல்லலாம் என்று வார்த்தையைக் கோத்துக்கொண்டே வந்தேன். அவள் கதவில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலப்பா. சத்தியமா."

"இன்னா சொல்லல?"

"நாம யாருன்னு. அவுங்களுக்கு எப்டி தெரிஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதுப்பா. நான் சொல்லல. ரெண்டாவது மாடில என் ஃபிரண்டு கீறா பாரு, அவ எத்தினியோ தபா கேட்டுக்கீறா. தாத்தா கம்பெனில வேலைன்னுதான் சொன்னேன். அம்மா மேல சத்தியம்."

உட்கார்ந்துவிட்டேன். "ஒனக்கு எப்ப தெரியும்?"

"டென்த்ல. ஸ்கூல்ல கம்யூனிட்டி சர்டிஃபிகேட் ஜெராக்ஸ் கேட்டாங்க இல்ல? நீ கவர்ல போட்டு ஒட்டிக் குடுத்த. நான் பஸ்ல பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி ஒட்டிட்டேன்."

கவரை ஒட்டிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறது. காலேஜ் கவுன்சலிங்குக்கும் நானே பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன், அவளைப் பக்கத்தில் விடாமல். என்ன சாமர்த்தியம். பதினைந்து வயதிலிருந்து இந்த ஐந்து வருடமும் அவள் இந்த வீட்டில், இந்த லிஃப்டில், காலேஜ் பஸ்ஸில், அந்தப் பாதி உண்மையைத் தானும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். எங்களுக்குத் தெரியக் கூடாதென்று எங்களிடமும் நடித்திருக்கிறாள். எதிலிருந்து அவளைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேனோ அதற்குள்ளேயே அவளைத் தனியாக விட்டிருக்கிறேன்.

"அந்தப் பொங்கல் பை வந்தப்பவே பயமா இருந்துச்சுப்பா" என்றாள். "என் மேல சந்தேகப்பட்டுத்தான் நீ பால்கனிய மூடிட்டன்னு நெனச்சேன்."

"நீ இல்லம்மா. நான்தான். என் கையாலதான் தெரிஞ்சுது" என்றேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. அவளை ஆறுதல்படுத்துவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாள். மறுபடியும் சொன்னேன். புறங்கையில் நுரையை வழித்ததைச் செய்துகூடக் காட்டினேன். அவளுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை. அவள் அந்த மாதிரி எதையும் பார்த்ததே இல்லை.

மறுபடியும் பெல் அடித்தது. அவள் வாயில் விரலை வைத்து, பேசாதே என்று எனக்குக் காட்டினாள். நான் பேசவில்லை. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தோம்.